பேரை மட்டும் மாற்றிப் போடும் டிசைனர்களுக்கு: ஆடி மாதத்தில் தேக்கத்தை உடைக்க ஒரு வழிகாட்டி

போன வருடம் வைகாசி முகூர்த்த நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்து, இரண்டு கல்யாணப் பத்திரிகைகளை என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அவர் மகளுக்கு நான் போட்டது. இன்னொன்று அவருடைய சித்தப்பா வீட்டுக்கு, அதுவும் நான் போட்டது. அதே பிள்ளையார், அதே மயில் பார்டர், அதே இடத்தில் அதே குத்துவிளக்கு. "தம்பி, பேரை மட்டும் மாத்திப்புட்டு ரெண்டு வீட்லயும் டிசைன் காசு வாங்கிட்டீகளா?" என்றார். அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

விருதுநகர் பக்கம் ஒற்றை அறையில் டிடிபி, டிசைனிங் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. அந்த நாளுக்கு அப்புறம் இணையத்தில் தேடியபோது கிடைத்த யோசனைகள் எல்லாம் "நடைப்பயிற்சி போங்கள், இசை கேளுங்கள்" என்ற ரகம். நடந்தேன், கேட்டேன், திரும்பி வந்து அதே மயிலைத்தான் எடுத்து வைத்தேன். பிறகு தட்டுத் தடுமாறி ஒரு வழிமுறை பிடிபட்டது. தொழிலுக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆகி, கை தானாக ஓடத் தொடங்கியிருக்கும் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு மாதம், ஏறக்குறைய 1,800 ரூபாய். கணக்கைக் கடைசியில் தருகிறேன்.

1. தேக்கமா, களைப்பா என்று முதலில் பாருங்கள்

முகூர்த்த சீசனில் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து வேலை பார்த்தவருக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை என்றால் அது தேக்கம் இல்லை, தூக்கம். நான்கு நாள் ஒழுங்காகத் தூங்கிவிட்டு வாருங்கள். அதற்கு அப்புறமும் கை பழைய ஃபைலையே தேடினால் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

கடைசியாக முடித்த 30 வேலைகளை எடுங்கள். நல்லது, கெட்டது என்று பொறுக்காமல் தேதி வரிசைப்படி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் சின்னதாக ஜேபெக் ஆக்கி, 15 வேலைக்கு ஒரு தாள் என்று இரண்டு ஏ3 தாளில் அடுக்கிக் கலர் பிரிண்ட் எடுங்கள். எங்கள் ஊரில் தாளுக்கு 30 ரூபாய்.

சுவரில் ஒட்டிவிட்டு மூன்றே விஷயத்தை எண்ணுங்கள்: தலைப்புக்கு ஒரே ஃபான்ட் எத்தனை முறை, மேட்டர், அதாவது வாசகம், முழுக்க நடுவில் நிற்பது எத்தனை முறை, சிவப்பும் தங்க நிறமும் எத்தனை முறை. எனக்கு வந்த எண்கள் 22, 27, 19. இந்த எண்களைத் தாளின் ஓரத்தில் தேதியோடு எழுதி வையுங்கள், கடைசியில் ஒப்பிடத் தேவைப்படும்.

"எல்லாமே ஒரே மாதிரி இருக்கு" என்று பொதுவாகப் புலம்பினால் எதை மாற்றுவது என்று தெரியாது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். என் வண்ணங்கள் அவ்வளவு மோசமில்லை, எழுத்துதான் செத்துக் கிடந்தது.

2. ஆடியைப் பிடியுங்கள்

கல்யாணம் இல்லாத மாதங்கள் ஆடியும் மார்கழியும். மார்கழியில் காலண்டர், பொங்கல் வாழ்த்து, புத்தாண்டு ஃப்ளெக்ஸ் என்று கழுத்தைப் பிடிக்கும். ஆடி தேவலை. ஏறக்குறைய ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை. கோயில் கூழ் ஊற்றும் நோட்டீஸும் அம்மன் ஃப்ளெக்ஸும் வரும், ஆனால் அவை ஒரு நாள் வேலைகள்.

தினம் ஒரு மணி நேரம், கடை திறக்கும் முன். நான் எட்டிலிருந்து ஒன்பது வரை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் வைத்துக்கொள்ளாதீர்கள், வாடிக்கையாளர் கரெக்‌ஷனோடு வந்து நிற்பார். முதல் வாரம் நான் அப்படி வைத்து ஏழில் ஐந்து நாளை இழந்தேன். இது போக மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஆடி 18 அன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அந்த வாரம் ஆல்பம் பார்க்கப் போனால், திரும்பும்போது மண்டைக்குள் இருநூறு முருகர்கள் இருப்பார்கள். உங்கள் மாதம் முடிந்த பிறகு போங்கள்.

3. டெம்ப்ளேட் ஃபோல்டரை மூட்டை கட்டுங்கள்

நம் தேக்கத்தின் வேர் "சேவ் ஆஸ்" என்ற ஒரு கட்டளையில் இருக்கிறது. பழைய ஃபைலைத் திறந்து, பேரை மாற்றி, புதுப் பெயரில் சேமிப்பது. பத்து நிமிடத்தில் வேலை முடியும். பத்து நிமிடத்தில் முடிகிற வழி இருக்கும்போது மூளை வேறு எதையும் யோசிக்காது, அதைக் குறை சொல்லவும் முடியாது.

எல்லாப் பழைய ஃபைல்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, டிஸ்க்கை வீட்டில் வையுங்கள். அழித்துவிடாதீர்கள். ஆர்வக்கோளாறில் நான் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டேன். அடுத்த வாரமே ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் போன வருட ரசீது புத்தகத்தை அப்படியே மறு அச்சு கேட்டு வந்தார். உட்கார்ந்து முழுசாகத் திரும்ப அடித்தேன், காசும் கேட்க முடியவில்லை. அதனால் கணினியில் "மறு அச்சு" என்று ஒரு ஃபோல்டர் மட்டும் இருக்கட்டும். ரசீது, லெட்டர் பேட், விசிட்டிங் கார்டு ஆகியவை அதில் போகட்டும். பத்திரிகை, நோட்டீஸ், பார்டர், கிளிப் ஆர்ட் எல்லாம் டிஸ்க்குக்கு.

மூட்டை கட்டும்போது ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்: வாடிக்கையாளர், ஃபைல் பெயர், எந்த ஃபான்ட். இந்த மூன்றாவது பத்தி எதற்கு என்று அடுத்த படியில் தெரியும்.

4. எழுத்திலிருந்து தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதிக்குத்தான் நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

நாம் டிசைன் போடும் வரிசையைக் கவனித்துப் பாருங்கள். முதலில் பின்னணிப் படம், அப்புறம் பார்டர், அப்புறம் சாமி படம், மிச்சமிருக்கிற ஓட்டையில் மேட்டர். தமிழ் எழுத்து கடைசியாக வந்து இடித்துப் பிடித்து உட்காருகிறது. அதுவும் பத்து வருடமாக அதே ஃபான்டில்.

ஏன் அதே ஃபான்ட்? இதற்குச் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. நம்மில் பலர் இன்னமும் பாமினி போன்ற பழைய குறியாக்க ஃபான்ட்களில் அடிக்கிறோம். அதில் அடித்த மேட்டரைத் தேர்ந்தெடுத்து வேறொரு புது ஃபான்ட் கொடுத்தால் ஏதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கொட்டும். ஆக, இருக்கிற நான்கைந்து ஃபான்ட்களுக்குள்ளேயே சுற்றுகிறோம். படைப்பு வறட்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி இந்தப் பூட்டுதான்.

பூட்டைத் திறக்கும் வழி யூனிகோட், அதாவது எல்லாப் புது ஃபான்ட்களுக்கும் பொதுவான குறியாக்கம். தட்டச்சுப் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. என்.எச்.எம். ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பழைய தட்டச்சு முறையிலேயே அடித்து யூனிகோடாகப் பெறலாம். புதிதாகக் கற்பவர் என்றால் தமிழ்99 தட்டச்சு முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய மேட்டரை மாற்ற கன்வர்ட்டர்கள் இருக்கின்றன. எந்த ஃபான்டில் அடித்தது என்று தெரிந்தால்தான் சரியாக மாற்ற முடியும், நோட்டில் மூன்றாவது பத்தி இதற்குத்தான். ஆனால் மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் படியுங்கள். ஸ்ரீ, ஔ, க்ஷ, அடைப்புக்குறிகள், எண்கள் ஆகிய இடங்களில் சறுக்கும். எனக்கு ஒரு "ஸ்ரீ" சறுக்கி, ப்ரூஃபில் பிடித்தேன். பிடிக்காமல் போயிருந்தால் 500 பத்திரிகை குப்பை.

அடுத்து ஃபான்ட்கள். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் தமிழுக்கு இலவசமாகக் கிடைப்பவற்றில் நான் இறக்கியவை இவை: அனெக் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், பாலு தம்பி 2, ஹிந்த் மதுரை, அரிமா, கவிவாணர், நோட்டோ செரிஃப் தமிழ். இவை திறந்த உரிமத்தில் வருபவை, தொழிலுக்கும் பயன்படுத்தலாம். பதிவிறக்கும் சிப் ஃபைலுக்குள் உரிமத் தாள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக இருக்கும், தூக்கி எறியாமல் ஃபான்டோடு சேர்த்து வையுங்கள். வேறு தளங்களில் "சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம்" என்று போட்டிருந்தால், கடையில் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு அது இலவசம் கிடையாது. புதியவர்கள் அதிகம் விழுகிற குழி இது.

போட்டோஷாப்பில் தமிழ் உடைந்து, கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நின்றால் ஃபான்டைத் திட்டாதீர்கள். 2022க்கு முந்தைய பதிப்பு என்றால் பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் என்ஜினை வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டுக்கு மாற்றுங்கள். இன்னும் பழைய பதிப்புகளில் அதற்கு மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்று பெயர். இன்டிசைனில் பாராகிராஃப் பலகையின் மெனுவில் அடோபி வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஒரு டிக் தெரியாமல் யூனிகோடே சரிவராது என்று நான் நான்கு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாடகை கட்டிப் பெரிய மென்பொருள் வாங்க முடியாதவர்களுக்கு இங்க்ஸ்கேப் இருக்கிறது. இலவசம், தமிழ் ஒழுங்காக வரும்.

இப்போது பயிற்சி. முதல் பத்து நாள் அந்த ஒரு மணி நேரத்தில் கணினியைத் திறக்கவே வேண்டாம்.

இரண்டு பென்சில்களைச் சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டுங்கள். இரண்டு முனையும் ஒரே நேரத்தில் தாளைத் தொட வேண்டும். அதைக் கொண்டு எழுதினால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தடிமன் கிடைக்கும், பட்டை நிப்பில் எழுதியது போல. ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது "மீனாட்சி". அதே பெயரை இருபது விதமாக எழுதுங்கள்: ஒடுக்கமாக, அகலமாக, கோணலாக, சுழி இல்லாமல், சுழி மட்டும் பெரிதாக, கீழே ஒரே கோட்டில் நிற்காமல். முதல் ஆறு ஏழு உங்களுக்குத் தெரிந்த ஃபான்ட்களின் நிழலாக இருக்கும். பன்னிரண்டுக்கு மேல் சலிப்பு வரும். சலிப்புக்குப் பிறகு வருபவைதான் வேண்டும். எனக்குப் பதினாறாவதில் "மீ"யின் மேல் சுழி நீண்டு, பெயர் முழுவதற்கும் ஒரு வளைவாகக் கவிந்தது. அதற்கு மேல் பார்டர் எதற்கு?

ஓவியர் கே.எம். ஆதிமூலம் பத்திரிகைத் தலைப்புகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் வரைந்த எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். எழுத்தே படமாக நிற்பது எப்படி என்று தெரியும். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள், பார்த்து வரையாதீர்கள்.

கணினிக்குத் திரும்பியதும் நான்கு விஷயங்களை மனதில் வையுங்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லை. ஆகவே எது முக்கியம் என்பதை அளவு, தடிமன், இடைவெளி ஆகியவற்றால்தான் காட்ட முடியும். எல்லாவற்றையும் போல்டாக்கினால் எதுவுமே போல்டு இல்லை. இரண்டாவது, மேலே புள்ளியும் சுழியும் ஏறும், கீழே உகர ஊகாரங்கள் இறங்கும். ஆங்கிலத்துக்கு வைக்கிற வரி இடைவெளியைத் தமிழுக்கு வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும், கொஞ்சம் தாராளமாக விடுங்கள். மூன்றாவது, எழுத்துகளுக்கு இடையே அளவுக்கு மேல் இடம் விடாதீர்கள், "கொ"வில் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். நான்காவது, நம் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய பத்தியில் "திருமணவரவேற்பிற்கு" எங்கே உடையும் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

5. செல்போனை வைத்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள்

பின்ட்ரெஸ்டில் "தமிழ் இன்விடேஷன்" என்று தேடினால் என்ன வரும்? நாம் எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் போட்டவை. அதற்குள் சுற்றுவது செக்கைச் சுற்றுகிற மாடு மாதிரி.

முதல் ஞாயிறு, தீப்பெட்டி. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி பக்கத்துத் தீப்பெட்டிகள் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். 2021 டிசம்பரில் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. நாலைந்து கடை ஏறி இறங்கி இருபது விதமான பெட்டிகளை வாங்குங்கள், 40 ரூபாய். இதைவிட மலிவான டிசைன் பாடம் எனக்குத் தெரியவில்லை. உள்ளங்கையில் பாதி இடத்தில் ஒரு படம், ஒரு பெயர், இரண்டு மூன்று வண்ணம். எட்டடி தூரத்தில் வைத்துப் பாருங்கள், எது தெரிகிறது? படிப்பறியாத பாட்டிகூட "அந்த யானைப் பெட்டியக் குடு" என்று கேட்டு வாங்கும்படி ஒரே ஒரு உருவம். நம் பத்திரிகையிலோ ஒன்பது உருவங்கள்.

இரண்டாவது ஞாயிறு, நூலகம். நான் மதுரை புதுநத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். சென்னைக்காரர்களுக்கு எழும்பூர் கன்னிமாரா இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி பெறும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. பழைய தமிழ் அச்சைப் பார்க்க வேண்டுமானால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். எங்கே போனாலும் ஆதார் நகலும் பென்சிலும் கையில் இருக்கட்டும், நேரமும் விதிகளும் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், படம் எடுக்க அனுமதி உண்டா என்று உள்ளே நுழைந்ததும் கேளுங்கள். போக முடியாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. பழைய நூல்களின் முகப்புத் தாள்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் புரட்டலாம்.

புத்தகத்தைப் படிக்க வேண்டாம், முகப்பையும் முதல் பக்கத்தையும் மட்டும் பாருங்கள். படமே இல்லாமல் வெறும் ஈய எழுத்தையும் நாலு கோட்டையும் வைத்துக்கொண்டு அந்தக்கால அச்சுக்கோப்பவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். பிடித்த பக்கத்தைக் கையால் சின்னக் கட்டமாக வரைந்து, பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: ஏன் பிடித்தது? "நல்லா இருக்கு" என்று எழுதக் கூடாது. "தலைப்பு மேல் மூலையில், கீழே முக்கால் பக்கம் காலி" என்பதைப் போல எழுத வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு, தெரு. கையால் எழுதிய பழைய கடைப் போர்டு, லாரியின் பின்பக்கம், சுங்குடிச் சேலையின் புள்ளி வரிசை, வாசல் கோலம். எங்கள் ஊர்ப் பழைய பாத்திரக்கடைப் போர்டில் "பாத்திரம்" என்ற சொல்லின் "ம்" இடம் போதாமல் குறுகி மேலே ஏறி நிற்கும். பத்து வருடம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். வரைந்து பார்த்தபோதுதான், இடப் பற்றாக்குறையை அந்தப் பெயின்டர் எவ்வளவு லாவகமாகச் சமாளித்திருக்கிறார் என்று புரிந்தது.

இங்கே ஒரு குழி. பழைய காலண்டர் சாமி படம் கிடைத்தது என்று ஸ்கேன் செய்து அப்படியே போட்டுவிடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை ஓவியத்துக்கு உரிமை உண்டு. கோவில்பட்டியிலிருந்து காலண்டர் சாமி படங்கள் வரைந்த கொண்டையராஜு 1976இல் மறைந்தார், கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பழையது என்பதாலேயே பொதுச் சொத்து ஆகிவிடாது.

6. உங்கள் கையை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்

கடைசி இருபது நாள் வேலை இது. நிறைய வசதி இருந்தால் நிறையத் தோன்றும் என்று நினைப்போம். எனக்கு நேர்மாறாகத்தான் நடந்தது.

ஐந்து நாள், ஒரே வண்ணம். வந்த வேலை எதுவானாலும் சரி, ஒரு மையில் ஒரு மாதிரி செய்து பாருங்கள். இது வெறும் பயிற்சியோடு நிற்பதில்லை. ஆஃப்செட்டில் நான்கு வண்ணத்துக்கு நான்கு பிளேட், ஒரு வண்ணத்துக்கு ஒரே பிளேட். 300, 500 என்று குறைவாக அடிப்பவர்களுக்கு பிளேட் செலவுதான் கனமாக விழும். "ஒரு கலர்ல போட்டா இவ்வளவு மிச்சம், அந்தக் காசுல நல்ல பேப்பர் போடலாம்" என்று சொன்னபோது மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள்.

ஐந்து நாள், படம் கிடையாது. எழுத்து, கோடு, வெற்றிடம் மட்டும்.

ஐந்து நாள், கத்தரி. கலர் பேப்பரை வெட்டி ஒட்டுவது. சின்னப்பிள்ளை வேலை மாதிரித் தோன்றும், என் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கத்தரிக்குச் சின்னச் சின்ன வேலைப்பாடு வராது. மயிலைக் கத்தரியால் வெட்டிப் பாருங்கள், மயிலுக்கு எது அவசியம் என்று தெரிந்துவிடும். எனக்குக் கழுத்தும் கொண்டையும் போதுமாக இருந்தது.

கடைசி ஐந்து நாள், ஒரு தாம்பூலப் பை. மஞ்சள் துணி, ஒற்றை மை, ஸ்கிரீன் பிரிண்டிங். மெல்லிய கோடு துணியில் நிற்காது, சின்ன எழுத்து அடைந்துபோகும். எனவே பெரிதாக, தடிப்பாக, குறைவாக யோசித்தே ஆக வேண்டும். ஸ்கிரீன் போட என்னிடம் 350 ரூபாய் வாங்கினார்கள், பை ஒன்று 30 வீதம் பத்துப் பைக்கு 300. ஊருக்கு ஊர் மாறும். குறைந்தது இத்தனை பை அடித்தால்தான் உண்டு என்று சிலர் சொல்வார்கள். மாதிரிக்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், ஸ்கிரீன் காய்ந்து அச்சடிக்க மூன்று நாள் விடுங்கள். முகூர்த்த மாதத்தில் இதே வேலைக்குப் பத்து நாள் ஆகும்.

7. வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள்

"எப்படி வேணும்?" என்று கேட்டால் வரும் பதில் நமக்குத் தெரியும். "போன வருஷம் என் மச்சானுக்குப் போட்டீகள்ல, அதே மாதிரி." அவருக்கு வேறு மாதிரி தெரியாது, நாமும் காட்டியதில்லை. அவர்மேல் பழி போடுவது நியாயமில்லை.

நான் இப்போது ஒரு அரைத்தாள் வைத்திருக்கிறேன். அதில் ஐந்து கேள்விகள். இதை முதலில் யார் படிப்பார்கள்? எங்கே வைத்துப் படிப்பார்கள்? எந்த ஒரு வரி கண்ணில் பட வேண்டும்? எது கண்டிப்பாக இருக்க வேண்டும்? எத்தனை பிரதி, எந்தத் தேதிக்குள்? ஒரு அம்மா முதல் கேள்விக்கு, "எங்க மாமனாருக்குத்தாங்க முதல் பத்திரிகை, அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றார். அன்று தேதியையும் மண்டபத்தின் பெயரையும் சாதாரணமாக வைப்பதைவிட மூன்று மடங்கு பெரிதாக வைத்தேன். பார்டருக்கு இடமே இல்லாமல் போனது. அவர்கள் பார்டரைக் கேட்கவும் இல்லை.

மாதிரி காட்டும்போது இரண்டு மட்டும் காட்டுங்கள்: அவர் கேட்டது ஒன்று, நீங்கள் யோசித்தது ஒன்று. மூன்று காட்டினால் "இதோட தலை, அதோட வாலு" என்று கலந்து நான்காவது ஒன்றைக் கேட்பார்கள். அவர் கேட்டதை ஏனோதானோ என்று போட்டு உங்களுடையதை மட்டும் மினுக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் கேட்டதையே தேர்ந்தெடுத்தால் முகம் சுளிக்காமல் முடித்துக் கொடுங்கள்.

தாளின் கீழே மூன்று வரி சேர்க்க வேண்டும். முன்பணம் பாதி. இரண்டு கரெக்‌ஷன் வரை கட்டணம் இல்லை, மூன்றாவதிலிருந்து உண்டு. அச்சுக்குப் போகும் முன் ப்ரூஃபில் கையெழுத்து, அல்லது வாட்ஸ்அப்பில் "சரி" என்று எழுத்தில் பதில். புது மாதிரி டிசைன் செய்யும்போது இது ரொம்ப அவசியம், ஏனென்றால் நம் கவனம் முழுக்க அழகில் இருக்கும். இனிஷியல், தமிழ்த் தேதிக்கும் ஆங்கிலத் தேதிக்கும் கிழமை பொருந்துகிறதா, முகூர்த்த நேரம், தாய்மாமன் பெயர் விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று அவர்கள் வீட்டில் இரண்டு பேரைப் படிக்கச் சொல்லுங்கள். டிசைன் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் கல்யாண வீட்டில் நம் பெயர்தான் அடிபடும்.

8. அடித்துப் பாருங்கள்

திரையில் இருப்பது டிசைன் ஆகாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறையாவது நிஜ அளவில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். நான் மாதம் முழுக்க 12 ஏ3 எடுத்தேன்.

ஆஃப்செட்டுக்குப் போகும் ஃபைலில் புதியவர்கள் தவறவிடுபவை: அச்சு மைகளின் நான்கு வண்ண முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றாமல் விடுவது, நான்கு பக்கமும் வெட்டுக்குப் போகும் 3 மி.மீ. ஓரம் (பிளீட்) விடாதது, சின்ன எழுத்துகளை நான்கு வண்ணமும் கலந்த கறுப்பில் விடுவது. கடைசியாகச் சொன்னதில் பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும். வெறும் கறுப்பு பிளேட்டில் மட்டும் வையுங்கள். பிடிஎஃப் ஆக்கும் முன் எழுத்துகளைக் கர்வ்ஸ், அதாவது வெறும் வடிவங்கள், ஆக்கினால் அச்சகத்தில் ஃபான்ட் இல்லை என்ற பேச்சு வராது. ஆனால் கர்வ்ஸ் ஆக்காத பிரதி ஒன்றைக் கண்டிப்பாகத் தனியே வையுங்கள், கரெக்‌ஷன் வராமல் இருக்காது.

9. செலவுக் கணக்கு

ஏ3 தாள் முதலில் இரண்டு, 60. வெள்ளை நோட்டு 80. பென்சில், பட்டை பிரஷ், இந்தியன் இங்க் 150. தீப்பெட்டி 40. மதுரைக்கு மூன்று முறை பஸ்ஸும் டீயும் 360. கலர் பேப்பர், பசை 100. ஸ்கிரீனும் பையும் 650. சோதனைப் பிரிண்ட் 360. கூட்டினால் 1,800. ஹார்ட் டிஸ்க் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. இல்லாதவர்கள் அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், எப்படியும் நம் தொழிலுக்கு அது இல்லாமல் இருக்கக் கூடாது. மதுரைக்கு மூன்று முறை போகவும் தேவையில்லை. இரண்டாவது முறை நூலகத்தைவிட ஜிகர்தண்டாதான் காரணம்.

மாதம் முடிந்ததும் உடனே எண்ணாதீர்கள், ஆவணி முகூர்த்தம் முடியட்டும். அதற்குப் பிறகு மறுபடி கடைசி 30 வேலை, மறுபடி இரண்டு ஏ3, அதே மூன்று எண்கள். எனக்கு 22, 27, 19 என்று இருந்தவை 8, 14, 17 ஆயின. சிவப்பும் தங்கமும் பெரிதாக அசையவில்லை. கல்யாணத்துக்கு ஊரே அதைத்தான் கேட்கிறது, நானும் விட்டுவிட்டேன். இந்த ஆடிக்கு வண்ணத்தை எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

மயில் பார்டரை இன்னமும் கேட்கிறார்கள். போன மாதம் அந்தப் பழைய வாடிக்கையாளரே தன் மகனுக்குக் கேட்டார். "அதே மயிலா அண்ணாச்சி?" என்றேன். "அது நல்லாத்தானப்பா இருந்துச்சு, எல்லாருக்கும் போட்டதுதான் தப்பு" என்றார். வீட்டுக்குப் போய் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வந்தேன்.